ஆச்சு

அங்கயற்கண்ணி ஒரு நாளைக்குப் பதினொரு வேளை சாப்பிடுகிறாள் என்று நலத்துறை சொன்னது.

அவள் மறுத்து எழுதினாள். பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில் மறுபடி வந்தது. மூன்றாவது முறை எழுதியதில் இரண்டு வசைச்சொற்கள் இருந்தன. அதற்குத்தான் ஆள் அனுப்பினார்கள்.

வந்தவள் இளம்பெண். பெயர் இளவேனில், வட்ட நல அலுவலர். நான்கு மாடி ஏறியதில் பேச்சு வரவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லிஃப்ட் வேலை செய்யலீங்களா டீச்சர்?"

"செஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

அங்கயற்கண்ணி மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் இன்னும் ஆணியில் தொங்குகிறது. முட்டி இரண்டும் போய்விட்டன. வலது முட்டியில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. காய்கறி வாளியில் ஏறி வருகிறது. பால்கனியிலிருந்து கயிற்றை விட்டால் காய்க்காரன் அவனுக்குப் பிடித்த சொத்தைக் கத்திரிக்காயாகப் பார்த்துப் போட்டு அனுப்புகிறான்.

முட்டி மாற்றும் மருத்துவர்கள் குறைவு. காத்திருப்பவர்கள் அதிகம். நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் இடம் என்று அரசு முடிவு செய்திருந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவது, நேரத்துக்குத் தூங்குவது, தண்ணீர் குடிப்பது, நடப்பது. எளிய பழக்கங்கள்தான். பணியில் இருந்த காலமெல்லாம் அவளே மாணவிகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். அதனால் எரிச்சல் இன்னும் கூடுதலாக இருந்தது.

பழக்கங்களைக் கணக்கெடுக்க எல்லோர் தோளிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று இருந்தது. நலச்செவி என்று அதற்குப் பெயர். ஜனங்கள் செவி என்றார்கள். பச்சை எரிந்தால் நல்லது, மஞ்சள் எரிந்தால் எச்சரிக்கை, சிவப்பு எரிந்தால் வரிசையில் கடைசி இடம்.

இளவேனில் கையிலிருந்த பலகையைத் தட்டினாள்.

"போன திங்கக்கிழமையைப் படிக்கிறேனுங்க. காலைல ஆறே முக்கால். பால்காரர், 'சாப்டாச்சா டீச்சர்?' நீங்க, 'ஆச்சுப்பா.'"

"ஆறே முக்காலுக்கு யாரு சாப்பிடுவா?"

"அதைத்தாங்க நாங்களும் கேக்கறோம்." தொடர்ந்து படித்தாள். "அப்புறம் எதிர்வீட்டு சார். 'டீச்சர், சாப்டாச்சா?' 'ஆச்சு சார். நீங்க?' 'ஆச்சு.' அப்புறம் கீழ்வீட்டு நிஷாம்மா. 'ஆச்சு.' அப்புறம் மறுபடி பால்காரர்."

"பாக்கெட்டு கிழிஞ்சிருந்துச்சு. மாத்திக் குடுக்க வந்தான்."

"அப்பவும் கேட்டிருக்காரு. நீங்களும் ஆச்சுன்னு சொல்லியிருக்கீங்க."

"கேட்டா வேற என்ன சொல்றது?"

"சாப்பிடலைன்னா சாப்பிடலைன்னு சொல்லலாமுங்க."

அங்கயற்கண்ணி அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீ எந்த ஊரு?"

"பெருந்துறைங்க."

"உங்க ஊர்ல அப்படிச் சொல்லுவாங்களா?"

இளவேனில் யோசித்தாள். "மாட்டாங்க."

"பின்ன?"

"இதைச் செஞ்சவங்க பெருந்துறை இல்லீங்களே."

அங்கயற்கண்ணி முட்டியைத் தேய்த்தாள். "அது சும்மா சொல்றதும்மா. அவங்க கேக்கறதும் சும்மா, நான் சொல்றதும் சும்மா."

இளவேனில் பலகையில் தேடினாள். "சும்மாங்கறதுக்கு இதுல இடமில்லீங்க டீச்சர். உண்மைன்னு ஒண்ணு இருக்கு. பொய்ன்னு ஒண்ணு இருக்கு."

"பொய்ன்னே போடு."

"போட்டா உங்க பேச்சு மொத்தமும் சந்தேகக் கணக்குக்குப் போயிரும். முட்டி வலிக்குதுன்னு நீங்க சொன்னதும் அதுல சேர்ந்துதான் போகும்."

"எக்ஸ்ரே இருக்கே."

"எக்ஸ்ரே வேற துறைங்க."

கீழே காய்க்காரன் கூவினான். வாளியைக் கேட்கிறான். அங்கயற்கண்ணி எழுந்திருக்கவில்லை.

"அதுக்குக் காது மட்டும்தானா? நான் மெல்லறது கேக்காதா?"

"கேக்கக் கூடாதுங்க. வாய்க்குள்ள நடக்கறது அந்தரங்கம்னு தீர்ப்பாயிருச்சு. வெளிய வந்த பேச்சைக் கேக்கலாம். முன்னாடி கையில பட்டை கட்டினாங்க, ஞாபகம் இருக்குங்களா? எல்லாரும் அதைக் கழட்டிச் சீலிங் ஃபேன்ல கட்டிவிட்டாங்க. ஒரு ஆட்டுக்கிடா ஜில்லாவுலயே அதிகமா நடந்ததுன்னு பரிசு வாங்குச்சு. அப்புறம் நேரா கேட்டுப் பாத்தாங்க. நேரா கேட்டா ஜனங்க பொய் சொல்றாங்க. பேச்சுவாக்குல வர்றதுதான் நெசம்னு முடிவு பண்ணினாங்க. இது முழுக்க அந்த ஒண்ணு மேலதான் நிக்குது."

"பேச்சுவாக்குல வர்றது நெசமா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான் போலிருக்குங்க."

இளவேனில் ஒரு வழி சொன்னாள். அடுத்த ஆய்வு ஆடிக் கடைசியில். அதுவரை சாப்பிட்டால் மட்டும் ஆச்சு என்று சொல்ல வேண்டும். சாப்பிடாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். கணக்கு மூன்று வேளைக்கு இறங்கினால் ஆவணியில் முட்டிக்குத் தேதி கிடைத்துவிடும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. சின்னப் பழக்கம்." பையை எடுத்துக்கொண்டாள். "வரட்டுங்களா டீச்சர்?"

"ஒரு வாய் சாப்ட்டுப் போயேன்."

"ஆச்சுங்க."

அவள் தோளில் இருந்த செவி பச்சையாகக் கண் சிமிட்டியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இளவேனில் படியிறங்கினாள்.

*

மறுநாள் காலை பால்காரன் கேட்டான்.

"இல்லப்பா. இன்னும் சாப்டல" என்றாள் அங்கயற்கண்ணி.

அவன் பால் பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "ஏன் டீச்சர், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. மணி ஆறே முக்கால். அதான் சாப்டல."

அவன் நம்பவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் சொல்லிக்கொண்டே போனான். சற்று நேரத்தில் நிஷா வந்துவிட்டாள். ஒரு கையில் இடியாப்பம், மறு கையில் தேங்காய்ப்பால். மூன்றாம் மாடியில் இருப்பவள். புருஷன் காதருக்கு இருதயத்தில் அடைப்பு, அவரும் ஒரு வரிசையில் காத்திருக்கிறார்.

"சாப்டலைன்னு பால்காரர்கிட்ட சொன்னீகளாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அப்படி இல்ல நிஷா."

"எப்படியும் இல்ல. உக்காருங்க."

இடியாப்பம் முடிவதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து பொங்கல் வந்தது. மதியம் அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது முதல் மாடிக்காரி எட்டிப் பார்த்துக் கேட்டாள். குழம்பு இன்னும் கொதிக்கவில்லை. உண்மையைச் சொன்னாள். ஒரு கிண்ணம் பருப்பு வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்புகிற ஊர் இல்லை அது.

மாலையில் செவி பேசியது. "வாழ்த்துகள். இன்று ஆறு வேளை மட்டுமே உண்டிருக்கிறீர்கள். உங்கள் உணவு ஒழுங்கு மேம்பட்டிருக்கிறது."

ஆறும் உண்மையான வேளைகள். அந்த வாரக் கடைசியில் எடை கூடியிருந்தது. முட்டி அதை எடை இயந்திரத்துக்கு முன்பே சொன்னது.

"சிறிது நடங்கள்" என்றது செவி.

"நடக்க முடிஞ்சா உன்னை ஏன்டி கட்டிக்கிட்டு அழறேன்?"

செவி பச்சையாக எரிந்தது. அதோடு உரையாடுவதற்கும் மதிப்பெண் உண்டு.

*

சாக்பீஸ் ஒன்று வீட்டில் இருந்தது. கதவில் பெரிய எழுத்தில் எழுதினாள். மைதானத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி எழுதிப் பழகிய கை.

இங்கே 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கக் கூடாது.

நிஷா அதைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"அப்ப என்னதான் டீச்சர் கேக்குறது?"

"ஒண்ணும் கேக்காத."

"ஒண்ணும் கேக்காம ஒரு மனுஷியத் தாண்டி எப்படிப் போறது? சண்டைக்காரி மாதிரி இருக்காதா?"

"இருக்கட்டும்."

நிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். காதருக்கு ஒன்பது வேளை விழுந்திருந்தது. மளிகைக்கடையில் உட்காருகிறவர், வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். இருதயக்காரர் ஒன்பது வேளை தின்றால் ஊசிகூடப் போட மாட்டார்கள்.

"நீங்க எழுதினதுதான் டீச்சர் சரி. கீழ கேட்டுலயும் எழுதணும்."

எழுதினார்கள். குடியிருப்போர் சங்கம் கூடியது, தீர்மானம் போட்டது, கேட்டில் பலகை மாட்டியது. சந்தித்தால் வணக்கம் சொல்ல வேண்டும். மூன்று நாள் வணக்கம் சொன்னார்கள். வணக்கத்துக்குப் பின் சொல்வதற்கு எதுவும் இல்லை. படிக்கட்டில் ஆளுக்கு ஆள் கைகூப்பிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். துக்க வீடு மாதிரி இருந்தது.

பிறகு யாரோ ஆரம்பித்தார்கள்.

"லிஃப்ட் வந்துருச்சா?"

"வரல."

அது நிலைத்துவிட்டது. காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். கேட்பவர் நிற்பதில்லை. சொல்பவர் நிமிர்வதில்லை. லிஃப்ட் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சாப்பிட்டதை வீட்டில் யாரிடமாவது பேச்சுவாக்கில் சொன்னால் கணக்கில் ஏறிவிடும்; அங்கயற்கண்ணி நிஷாவிடம் சொல்லிக்கொண்டாள்.

எதிர்வீட்டு சவரிமுத்து மட்டும் மாறவில்லை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் நியூசிலாந்தில். கீழே சங்கத்தின் திரையில் ஓடும் நல்ல பழக்கப் பட்டியலில் மாதாமாதம் முதல் பெயர் அவருடையது. நலச் செம்மல். ஒரு நாளைக்குச் சரியாக மூன்று வேளை. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

காலை, மதியம், மாலை அவர் கதவு திறக்கும். இவள் கம்பிக் கதவுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் கதவில் எழுதியிருப்பதற்கு நேர் எதிரே நின்று அவர் கேட்பார்.

"டீச்சர், சாப்டாச்சா?"

"வெயில் ஜாஸ்தி சார் இன்னைக்கு."

அவர் நிற்பார். ஏதோ பாக்கி இருப்பதுபோல நிற்பார். பிறகு உள்ளே போவார். மறுபடி மதியம் வருவார்.

ஒரு நாள் கேள்வி வந்தபோது அவள் வேறு யோசனையில் இருந்தாள். "ஆச்சு" என்று வாய் சொல்லிவிட்டது. சாப்பிட்டிருக்கவில்லை, கணக்கில் ஒரு வேளை கூடிப்போயிற்று. செவி மஞ்சளாக எரிந்தது.

"சார், படிக்கத் தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

"எழுதி வச்சதுக்கு அப்புறமும் தெனம் மூணு தடவை வந்து கேட்டா எப்படி? என் முட்டிய எடுத்துட்டுப் போய் உங்க வீட்ல வச்சுக்கறீங்களா?"

"பழக்கம் டீச்சர்."

"நல்ல பழக்கமாப் பாத்துப் பழகுங்க."

"சரி" என்றார். சிறிது நேரம் நின்றார். வரிசையில் நின்று தன் முறை வருவதற்குள் சன்னலைச் சாத்திவிட்டால் நிற்பார்களே, அப்படி. பிறகு உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவளுடைய செவி பச்சையிலேயே இருந்தது. நிம்மதியாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் நிஷா வந்தபோது சொன்னாள். "எதிர்வீட்டு சார் பேரையே திரையில காணோம் டீச்சர்."

"அவருக்கென்ன" என்றாள் அங்கயற்கண்ணி. "வேற யாராச்சும் வரட்டுமே."

*

ஆடிக் கடைசியில் இளவேனில் வந்தாள். மதியம். வியர்வை வழிந்தது.

"லிஃப்ட் இன்னும் வரலீங்களா?"

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? உக்காரு. சாப்டியாம்மா?"

கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. பதில் சொல்லாதவரை தனக்கு ஆபத்தில்லை.

"ஆச்சுங்க டீச்சர். நீங்க?"

"இப்பத்தான். ரெண்டு தோசை."

உண்மைதான். தோசைக்கல் இன்னும் சூடாக இருந்தது. செவி பச்சை காட்டியது. இளவேனில் பலகையைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாகப் பச்சை. நடுவில் ஒரே ஒரு மஞ்சள்.

"இது பரவாயில்லீங்க. ஒண்ணு மன்னிப்பாங்க. இன்னிக்குச் சாயங்காலத்தோட ஆய்வு முடியுது. ஆவணி முதல் வாரத்துல தேதி விழுந்துரும்."

அங்கயற்கண்ணி படிக்கட்டை நினைத்தாள். இறங்கலாம். காய்க்காரன் முன்னால் போய் நிற்கலாம். ஒவ்வொரு கத்திரிக்காயாகக் காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கலாம்.

"காப்பி போடவா?"

"வேண்டாங்க. எதிர்வீட்லயும் ஒரு வேலை இருக்குது." இளவேனில் குரலைத் தாழ்த்தினாள். "சாரை மாத்தணும்."

"எங்க?"

"காப்பகத்துக்குங்க. ஊருக்கு வெளிய. ஒன்றரை மாசமா ஒரு வேளைகூடச் சாப்பிடலைங்க. கணக்குப்படி."

"கணக்குப்படி நான் பதினொரு வேளை தின்னவ."

"தெரியுங்க. ஆனா தனியா இருக்கிறவங்களுக்கு விதி வேற. ஜாஸ்தி சாப்ட்டா வரிசைல பின்னாடி போடுவாங்க. சாப்பிடலைன்னா வீட்டை விட்டு எடுத்துருவாங்க. நல்ல இடம்தாங்க. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நடை."

"அவரு போறேன்னாரா?"

"யாருங்க போறேம்பாங்க?"

"செம்மல்னு போட்டிருந்தீங்களே. திடீர்னு எப்படி சாப்பிடாமப் போவாரு?"

இளவேனில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். பழைய மாதங்கள். நாளுக்கு மூன்று பச்சைப் புள்ளிகள்.

"நானும் அதைத்தான் பாத்தேனுங்க. இந்த ஒவ்வொரு ஆச்சுக்கும் முன்னாடி ஒரு 'நீங்க?' இருக்குது. எல்லாம் உங்க குரல் டீச்சர். அவரை வேற யாருமே கேட்டதில்லை."

அங்கயற்கண்ணி புள்ளிகளைப் பார்த்தாள். காலை, மதியம், மாலை.

அவர் வந்து கேட்டது தன்னைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதற்காக. திருப்பிக் கேட்டால்தான் ஆச்சு என்று சொல்ல முடியும். ஆச்சு என்று மூன்று முறை சொன்னால்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். அந்தக் கேள்விக்குத்தான் பாக்கி வாங்க வந்தவர்போல நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டவர் சொல்கிற ஆச்சு குட்டையாக இருக்கும். சாப்பிடாதவர் சொல்வது கொஞ்சம் இழுபடும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவர் மனைவி இறந்த புதிதில் இந்தக் கம்பிக் கதவுக்குள்ளிருந்தே அவள் அதைக் கேட்டுப் பிரித்திருக்கிறாள். இழுத்துச் சொன்ன நாளில் நிஷா கையில் ரசம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பிறகு செவி வந்தது. அதற்கு இரண்டும் ஒரு வேளை. அவளும் எண்ண ஆரம்பித்துவிட்டாள். நீளத்தைக் கேட்பது நின்றுபோயிற்று.

"சே" என்றாள்.

"என்னங்க?"

"அந்த ஆணியில இருக்கற விசிலை எடு."

ஊதினாள். நீண்ட விசில், மைதானத்தில் எல்லோரையும் கூட்டுகிற விசில். மாடியில் இரண்டு கதவுகள் திறந்தன. மூன்றாவதாக எதிர்க்கதவு திறந்தது.

சட்டை இஸ்திரி போட்டிருந்தது. காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. இரண்டு விரல் விடலாம் போல இடைவெளி.

"என்ன டீச்சர், லிஃப்ட் வந்துருச்சா?"

"வரல." அவள் கம்பிக் கதவைத் திறந்தாள். "சாப்டாச்சா சார்?"

சவரிமுத்து கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தார். இளவேனிலைப் பார்த்தார். அவள் பலகையைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"ஆ...ச்சு."

அவர் தோளில் பச்சை எரிந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் வேளை.

இளவேனில் அங்கயற்கண்ணியின் காதருகே குனிந்தாள். "விழுந்துருச்சுங்க. இதே மாதிரி தெனமும் கேட்டுட்டாப் போதும் டீச்சர். அவரை மாத்த வேண்டியதில்லை. நீங்க உண்மையை மட்டும் சொன்னா உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

சரியாகத்தான் சொன்னாள். அதோடு முடித்திருக்கலாம். அவர் வீட்டில் இருப்பார். இவளுக்கு முட்டி வரும். திரையில் பெயரும் மறுபடி முதலில் வரும். அந்தக் கழுத்து மட்டும் காலருக்குள் இன்னும் கொஞ்சம் தனியாக நிற்கும்.

"நீங்க டீச்சர்?" என்றார் சவரிமுத்து. கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆச்சு என்று சொன்னால் அது உண்மை. சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார். சாப்பிட்டு முடித்த வீட்டில் தனக்கு மட்டும் தட்டு வைத்து யாரும் உட்கார மாட்டார்கள். சவரிமுத்து நிச்சயம் மாட்டார்.

"இல்ல சார். நானும் இன்னும் சாப்டல" என்றாள். "தனியா உக்காந்தா இறங்க மாட்டேங்குது. வாங்க."

"டீச்சர்" என்றாள் இளவேனில் மெதுவாக.

அங்கயற்கண்ணியின் தோளில் சிவப்பு எரிந்தது.

*

மாவு மீதம் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்து, மேடையில் இடது கையை ஊன்றிக்கொண்டு ஊற்றினாள். சவரிமுத்து முதல் தோசையை வேகமாகத் தின்றார். இரண்டாவதில் யாரோ பார்ப்பதுபோல நிதானித்தார். அவள் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு பிய்த்துப் பிய்த்து வைத்தாள்.

"பசிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன சார் கொறஞ்சு போகும்?"

"எப்படி டீச்சர் சொல்றது?"

"என்கிட்ட மூணு வேளையும் வந்து கேட்டீங்கள்ல, அதே வாயாலதான்."

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார். "நீங்க கேட்டீங்கன்னா சொல்லலாம்னு இருந்தேன்."

"கேட்டேன். ஆச்சுன்னீங்க."

"கேட்டா வேற என்ன சொல்றது?"

இதே கேள்வியை அவள்தான் முதலில் கேட்டவள்.

இளவேனில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். "பத்து நிமிசம் முன்னாடி ரெண்டு தோசைன்னு சொன்னீங்க. இப்ப இல்லைன்னு சொல்லிட்டீங்க. பொய்ன்னு விழுந்திருக்குதுங்க டீச்சர். கடைசிக்குப் போயிட்டீங்க. முட்டி வலியும் இனிமே சந்தேகம்."

"வலிக்குதே."

"தெரியுங்க."

"உனக்குத் தெரியுதுல்ல. விடு. உக்காரு, நீயும் சாப்பிடு."

"எனக்கு ஆ...ச்சுங்க."

அங்கயற்கண்ணி மூன்றாவது தட்டைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

"நாலு மாடி ஏறி வந்து எல்லாரும் என்கிட்டயே பொய் சொல்லுங்க" என்றாள்.

*

இளவேனில் நல்ல பெண். அறிக்கை எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஆச்சு என்ற சொல்லில் குட்டையானது ஒன்று, நீண்டது ஒன்று, இரண்டுக்கும் பொருள் வேறு என்று விளக்கினாள். சும்மா என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டாள். டீச்சருடையது பொய்யில் சேராது, விருந்தோம்பலில் சேரும் என்றும் எழுதினாள்.

நலத்துறை அதைப் படித்தது. படித்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதத்திலிருந்து செவி ஆச்சுவின் நீளத்தை அளந்தது. குட்டையானால் ஒரு வேளை. நீண்டால் பட்டினி. தமிழ்ப் பேச்சின் நுட்பம் இயந்திரத்துக்குப் பிடிபட்டுவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். கேட்கக் கூடாது என்ற பலகையைச் சங்கம் கழற்றியது. இனி தாராளமாகக் கேட்கலாம்.

குடியிருப்புக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அதிக வேளை விழுந்தவர்கள் நீட்டிச் சொல்லப் பழகினார்கள். காதர் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏப்பத்தோடு ஆ...ச்சு என்று இழுத்தார். மூன்று வாரத்தில் அவருக்கு இருதயப் பரிசோதனைக்குத் தேதி கிடைத்தது. தனியாக இருப்பவர்கள் குட்டையாகச் சொல்லப் பழகினார்கள். யார் குரலையும் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாமல் போயிற்று.

"உங்க முட்டிக்குப் போட்ட மனு பரிசீலனையில் இருக்குதுங்க" என்று இளவேனில் போனில் சொன்னாள். அழுகிற குரல். "இப்படி ஆகும்னு நான் நினைக்கலீங்க டீச்சர்."

"நீ என்ன பண்ணுவே? லிஃப்டுக்கு யாரு அறிக்கை எழுதறதுன்னு பாரு."

முட்டி அப்படியே இருந்தது. வாளி இறங்கி ஏறியது. கத்திரிக்காய் சொத்தையாகவே வந்தது.

மதியம் எதிர்க்கதவு திறந்தது. சவரிமுத்து. இஸ்திரி போட்ட சட்டை.

"டீச்சர், சாப்டாச்சா?"

"ஆச்சு சார். நீங்க?"

"ஆச்சு."

குட்டையாக இருந்தது. நிலம் அளந்த மனிதர், அளவு பிசகாமல் சொன்னார். அவர் தோளில் பச்சை எரிந்தது. அங்கயற்கண்ணி அந்தச் சொல்லை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை. சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடாமலும் இருந்திருக்கலாம்.

சுவரைப் பிடித்து எழுந்தாள். கம்பிக் கதவைத் திறந்தாள். உள்ளே போய் இரண்டு தட்டுகளை எடுத்துப் போட்டாள்.

"ஆச்சுன்னு சொன்னேனே டீச்சர்."

"கேட்டுச்சு" என்றாள். "உக்காருங்க."